பீரோவைப் பூட்டாதீர்கள், டீச்சர்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். வகுப்பில் நாற்பது பேர். போன கோடை விடுமுறைக்குப் பத்துப் புத்தகங்கள் கொண்ட பட்டியல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விமர்சனம் எழுதிவரச் சொன்னேன். பள்ளி திறந்த அன்று இருபத்தாறு நோட்டுகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. இந்த வருடம் 'அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு' என்று அறிவிக்கலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். எனக்கு அதில் அவ்வளவாக மனம் ஒப்பவில்லை. சரளமாக வாசிக்கவே திணறும் மூன்று பேரும், காமிக்ஸைத் தவிர எதையும் தொடாத ஒருவனும் என் வகுப்பில் இருக்கிறார்கள். விடுமுறையில் இவர்கள் எல்லாரும் சந்தோஷமாகப் படிக்க என்ன வழி?
– ஓர் ஆசிரியை

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்

அன்புள்ள டீச்சர்,

அந்த இருபத்தாறு நோட்டுகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் பின்னட்டையிலிருந்து வந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். "நெஞ்சை உருக்கும் இக்கதை சிறுவர் முதல் பெரியவர் வரை அனைவரையும் கவரும்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக எழுதாது. என்னிடம் ஒரு முறை வந்த விமர்சனம், 'ஆசிரியரின் பிற நூல்கள்' என்ற தலைப்போடும் அதன் கீழே இருந்த ஏழு பெயர்களோடும் முடிந்திருந்தது. அழகான கையெழுத்து வேறு.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. நாம் கேட்டது பத்துப் பக்கம் எழுத்து. பத்துப் பக்கம் எழுத்து வந்தது. புத்தகத்தைப் படிக்காமலேயே கொடுக்க முடிகிற ஒன்றைக் கேட்டுவிட்டு, படிக்கவில்லையே என்று வருத்தப்படுகிறோம். உண்மையிலேயே படித்த பிள்ளைக்கோ இதில் இன்னொரு தண்டனை இருக்கிறது. நான்காவது அத்தியாயத்தில் கதை சூடுபிடிக்கும் நேரத்தில், 'இதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமே' என்ற நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, பரிசு. உங்கள் தலைமை ஆசிரியரின் யோசனையை நான் செய்தே பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுமுறை வாசிப்புப் போட்டி ஒன்று வைத்தேன். அறுபத்து மூன்று புத்தகங்களோடு ஓர் எட்டாம் வகுப்புப் பெண் முதலிடம். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் பதினாறு பக்கப் படப் புத்தகங்கள், அவள் தம்பியுடையவை. விதியில் தடை இல்லையே, கோப்பையைக் கொடுத்தோம். அதே கூட்டத்தில் ஒரு பையன் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானூறு பக்க நாவல் ஒன்றை விடுமுறை முழுவதும் வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தவன். அவன் கணக்கு 'ஒன்று'. கடைசி இடத்துக்குப் பக்கத்தில் இருந்தான். அடுத்த வருடம் போட்டி நடக்கவில்லை. அந்தப் பெண் லைப்ரரிப் பக்கமே வரவில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு உண்டு என்று தெரிந்து வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்களும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் குறைந்துவிட்டது.

புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கு ஆசை எதுவும் இல்லையே, பரிசால் அங்கே என்ன கெட்டுப்போகும் என்று தலைமை ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் அந்தப் பிள்ளைதான் முதல் வாரத்திலேயே தோற்று ஒதுங்கிவிடும். தலைமை ஆசிரியர் பரிசு கொடுத்தே தீருவேன் என்றால், முன்கூட்டி அறிவிக்காமல், பள்ளி திறந்த பிறகு, வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் புத்தகமாகவே இருக்கட்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். விடுமுறையில் உங்கள் பள்ளியின் புத்தக பீரோ என்ன ஆகிறது?

எனக்குத் தெரிந்த பள்ளிகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை: ஆண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கிவிடுவோம். திருப்பித் தராதவருக்கு 'நோ டியூஸ்' கையெழுத்து கிடையாது. அப்புறம் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஸ்டாக் சரிபார்ப்போம், எண்ணிக்கை சரியாக இருக்கும், பூட்டிச் சாவியை ஒப்படைப்போம். ஆக, வருடத்தில் பிள்ளைகள் கையில் நேரம் இருக்கும் அந்த வாரங்களில்தான் புத்தகங்கள் இருட்டில் கிடக்கின்றன. நானும் பல வருடம் இதை மனசாட்சி உறுத்தாமல் செய்தேன். எண்ணிக்கை சரியாக இருந்த வருடங்களில் பெருமையாகக்கூட இருந்தது.

நடுக்கால ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு கதீட்ரலில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், முதல் விதியாக வைத்தது 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதை. இதைப் போய் ஒரு விதி என்று சொல்ல வேண்டுமா என்று மாணவனாக இருந்தபோது சிரித்திருக்கிறேன். பூட்டிய பீரோவின் சாவி என் சட்டைப்பையில் இருந்த காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிறகு ஒரு வருடம் துணிந்து புத்தகங்களை வெளியே விட்டோம். தொலைந்தது கொஞ்சம்தான். கிழிந்தது கொஞ்சம், நனைந்து உப்பி வந்தது கொஞ்சம். ஒன்று கவனித்தேன்: தொலைந்தவை எல்லாம் பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கிப்போனவை. இலக்கணக் கையேட்டை யாரும் இதுவரை தொலைத்ததில்லை.

ஆகவே டீச்சர், விடுமுறை வாசிப்பு உங்கள் கையில் இருப்பது விடுமுறைக்கு முந்தைய மூன்று வாரங்களில்தான். பள்ளி மூடிய பிறகு அது பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் நடுவிலான விஷயம். அந்த மூன்று வாரத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஒரு புத்தகத்தை முழுதாக வேண்டாம். முதல் அத்தியாயம், தேவைப்பட்டால் இரண்டாவது. கதவு தட்டப்படும் இடத்தில், கடிதம் பிரிக்கப்படும் இடத்தில், மூடி வைத்துவிடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு புத்தகம். கொடுமைதான், ஆனால் வேலை செய்யும். ஒரு வாரத்தில் ஐந்து புத்தகங்களுக்கு ஆள் சேர்ந்துவிடும். தொடராக வரும் கதைகள் இதற்கு ரொம்பத் தோது. முதல் பாகம் பிடித்துப்போனால் அடுத்தது எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வாரத்தில் தேர்ந்தெடுக்கும் நாள். இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், இரண்டு பீரியடாவது ஒதுக்குங்கள். நாற்பது பேருக்கு இருநூறு புத்தகமாவது வேண்டும். பீரோவில் முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளையும் எடுக்காது. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் முன்னட்டை தெரியும்படி தரையில் பரப்புங்கள். கதை, விடுகதை, விளையாட்டு, விண்வெளி, பேய், வாழ்க்கை வரலாறு, படக்கதை எல்லாம் கலந்தே கிடக்கட்டும். 'இது உன் வயதுக்கு', 'இது பெண் பிள்ளைகளுக்கு' என்று பிரிக்காதீர்கள். ஆளுக்கு நான்கு எடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஒன்று கண்டிப்பாகப் பிடிக்காமல் போகும், இன்னொன்றைத் தம்பி கிழித்துவிடுவான், இரண்டு மிஞ்சும்.

எடுத்தவுடன் ஐந்து நிமிடம் அங்கேயே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், கால்களைப் பார்ப்பேன். புத்தகம் ஒட்டாத பிள்ளை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்கும், பக்கத்துப் பிள்ளை என்ன எடுத்தது என்று எட்டிப் பார்க்கும். ஒட்டிக்கொண்ட பிள்ளை, கையில் புத்தகம் விரித்தபடியே, மெல்ல மடங்கி, எங்கே நின்றதோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடும். வழியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போய்விடுங்கள், எழுப்பாதீர்கள்.

புத்தகம் பிள்ளையின் வாசிப்பு நிலைக்குச் சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு பக்கத்தைப் படிக்கும்போது புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் கொஞ்சம் கடினம். இதைச் சொல்லிக் கொடுங்கள், ஆனால் சட்டமாக்காதீர்கள். கிரகணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கும் பிள்ளை எட்டு விரல் மடங்கினாலும் விடாது.

என்ன எடுப்பார்கள் என்று உங்களுக்கு ஒரு பயம் இருக்கும். குப்பையைத்தான் எடுப்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃப்ரான்சனும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில், மூன்று கோடைகள் தொடர்ந்து, ஒவ்வொரு கோடையிலும் ஆளுக்குப் பன்னிரண்டு புத்தகம் கொடுத்தார்கள். பிள்ளைகளே தேர்ந்தெடுத்தவை, அவர்களுக்கே சொந்தம். அதிகம் பேர் விரும்பி எடுத்தது பாப் பாடகர்களையும் டிவி நட்சத்திரங்களையும் பற்றிய புத்தகங்களை. மூன்று வருடம் கழித்து, புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களுடைய வாசிப்புத் தேர்வு மதிப்பெண் கூடியிருந்தது. மிகவும் ஏழ்மையான பிள்ளைகளிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். 2010இல் இது வெளிவந்தது.

புத்தகத்தைக் கையில் திணித்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. ஜேம்ஸ் கிம், தாமஸ் வைட் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே புத்தகம் மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. பள்ளி மூடும் முன் ஆசிரியர்கள் வகுப்பில் உட்காரவைத்து, எப்படிச் சத்தமாக வாசிப்பது, புரியாத இடத்தில் என்ன செய்வது என்று பழக்கிவிட்ட குழுவில்தான் முன்னேற்றம் தெரிந்தது. அந்த மூன்று வாரத்தை நான் பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். பத்துப் புத்தகம், இருபது புத்தகம் என்று எண்ணைச் சொல்லாதீர்கள். 1988இல் ஆண்டர்சன், வில்சன், ஃபீல்டிங் மூவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 155 பேர், பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறார்கள் என்று நாள்தோறும் குறித்துவைக்கச் செய்தார்கள். நடுவில் நிற்கும் பிள்ளை புத்தகம் படித்தது நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதுவே வருடத்துக்குச் சுமார் 2,82,000 சொற்கள் ஆகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரை முந்தி நிற்கும் பிள்ளை படித்தது எவ்வளவு தெரியுமா? நாளுக்கு இருபத்தொரு நிமிடம், அவ்வளவுதான். வருடத்துக்குச் சுமார் 18 லட்சம் சொற்கள். இதைச் சொன்னால் பெற்றோர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இருபது நிமிடம் யாருக்கும் கிடைக்கும்.

விடுமுறையில் ஒரு மாதப் படிப்பு மறந்துபோகும் என்று அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். 1996இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் பிறகு வேறு தேர்வுகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதே அளவு இழப்பு எல்லா இடத்திலும் தெரியவில்லை. எப்படியும், பயந்து படிக்கிற பிள்ளை ரசித்துப் படிக்காது.

அந்த மூன்று பேரிடம் வருகிறேன். இவர்களுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றே சொல்லலாம். நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு, 'வகுப்பு 2' என்று அட்டையில் அச்சடித்த ஒல்லிப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் நீட்டுவது. பன்னிரண்டு வயதில் அந்த அட்டையைத் தெருவில் எடுத்துப்போவதைவிட, படிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொள்வதே மேல் என்று அவர்களுக்குத் தோன்றும். அவர்களுக்கு எதைப் பற்றி நிறையத் தெரியும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் நடத்திய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். பாடநூலில் திணறும் பையன், தன் ஆட்டத்தைப் பற்றிய பக்கத்தில் திணற மாட்டான்.

என்னிடம் அப்படி ஒரு பையன் இருந்தான். பாம்புகளைப் பற்றிய ஒரே புத்தகத்தை ஒரு வருடத்தில் ஐந்து முறை எடுத்தான். பின்னட்டை உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் வரிசையாக அவன் முத்திரைகள்தான். முதலில் படம் மட்டும் பார்த்தான். அப்புறம் படத்துக்குக் கீழே உள்ள வரி. ஐந்தாவது முறை திருப்பிக் கொடுக்கும்போது, "சார், நாற்பத்து ரெண்டாம் பக்கத்துல தப்பு இருக்கு" என்றான். போய்ப் பார்த்தேன். படங்களின் கீழே பெயர்கள் மாறிப்போயிருந்தன. 'இதையே எத்தனை தடவை எடுப்பாய்?' என்று நான் ஒரு தரம் கேட்டிருந்தால்கூட, அந்த ஐந்தாவது முறை வந்திருக்காது.

இன்னொரு தந்திரம்: அந்த மூவரிடம், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அதற்குப் படித்துக் காட்ட என்று சொல்லிப் படப் புத்தகம் இரண்டு கொடுத்தனுப்புங்கள். எளிய புத்தகத்தைக் கௌரவமாகக் கையில் எடுக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது. யாராவது இவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் சரி, ஒலிப்புத்தகம் கேட்டாலும் சரி, வாசிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காமிக்ஸ் பையனை விட்டுவிடுங்கள். அவன் ஏற்கெனவே வாசகன். இன்னும் நான்கு காமிக்ஸ் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதி அனுப்பினால் நல்லது. 'எத்தனை பக்கம் முடித்தாய்?', 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' இந்த இரண்டு கேள்வியும் வேண்டாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் போட்டால் திட்ட வேண்டாம். போனைப் பிடுங்கிவிட்டு அந்தக் கையில் புத்தகத்தைக் கொடுக்கவே வேண்டாம், புத்தகம் தண்டனையாகிவிடும். படுக்கப் போகும் நேரத்தில் வெளிச்சம் இருந்து, புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, போன் வேறு அறையில் இருந்தால் போதும். அம்மாவோ அப்பாவோ அந்த நேரத்தில் எதையாவது படித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைக் கட்டாயமாக எழுதாதீர்கள். பல பேர் வேலை முடிந்து வரும்போதே அரைத் தூக்கத்தில் இருப்பார்கள்.

பள்ளி திறந்த அன்று நோட்டு கேட்காதீர்கள். நீங்கள் விடுமுறையில் பாதியில் விட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள். ஏன் விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். டீச்சரே பாதியில் விடுகிறார் என்று தெரிந்ததும் நான்கு பேர் வாய் திறப்பார்கள். நான்கு புத்தகத்தையும் பிரிக்காமலேயே கொண்டுவந்த பிள்ளையும் இருக்கும். "இது எதுவும் உனக்குச் சரிவரவில்லை போல, வேறு பார்ப்போம்" என்று வாங்கி வையுங்கள். கொண்டுவரவே இல்லாத பிள்ளையிடம் மூன்று மாதம் கேட்காமல் இருந்து பாருங்கள், பாதிப் புத்தகங்கள் தானாக வந்துவிடும்.

கடைசியாக, பீரோ விஷயத்தில் தலைமை ஆசிரியர் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில். ஸ்டாக் சரிபார்ப்பை ஒரு மாதம் முன்னதாக முடித்துவிட்டு, அதன் பிறகு புத்தகங்களை வெளியே கொடுக்கலாம். அதற்கு நேரமில்லை என்றால், இருப்புப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், வெளியே போன ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே 'மாணவர் கையில் உள்ளது' என்று எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் பதினோரு வருடம் அப்படித்தான் எழுதினேன். தணிக்கைக்கு வந்த ஒருவர் ஒரே ஒரு தடவை, "இவ்வளவு புத்தகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.